மூன்று வருஷத்துப் பொய்

ஒரு பொய்க்கு ஆயுள் எவ்வளவு?

தத்துவப் பேராசிரியர்களைக் கேட்டால், பொய் என்றைக்கும் பொய்தான் என்பார்கள். பாட்டிகளைக் கேட்டால், ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்று ஆரம்பித்து, முதல் குழந்தை பிறந்ததும் அந்த ஆயிரமும் அடிபட்டுப் போய்விடும் என்று முடிப்பார்கள். இந்திய அரசாங்கத்தைக் கேட்டால் மட்டும் கச்சிதமாக ஒரு எண் வருகிறது. மூன்று வருஷம். ஆயுள் இன்ஷூரன்ஸ் படிவத்தில் நீங்கள் எழுதிய பொய்க்கு மூன்று வருஷம்தான் உயிர். அதற்கு மறுநாளிலிருந்து அதைக் கிளறிப் பார்க்கும் உரிமை கம்பெனிக்குக் கிடையாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாலிசி போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டால், படிவத்தில் தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கம்பெனி கையை விரிக்க முடியாது என்பது அதன் பழைய வடிவம். ஆனால் தெரிந்தே மோசடியாக மறைத்தார் என்று நிரூபித்தால், இருபது வருஷம் கழித்தும் பணம் தர மறுக்கலாம். 2015-ல் திருத்தி எழுதினார்கள். இரண்டு மூன்றாயிற்று. அந்த மூன்றுக்குப் பிறகு ‘எந்தக் காரணத்தைக் கொண்டும்’ பாலிசியைக் கேள்வி கேட்கக் கூடாது என்று போட்டுவிட்டார்கள். எந்தக் காரணமும் என்றால் மோசடியும் சேர்த்தி. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது. ஒரு சட்டம், ‘நீ ஏமாற்றியிருந்தாலும் சரி, மூன்று வருஷம் பிழைத்துக் கிடந்தால் போதும்’ என்று சொல்லலாமா?

பதில் சொல்வதற்கு முன்னால் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 42. ஆறு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. மார்ச் மாதம், வருமான வரி ஞாபகம் வருகிற சீசன். தூரத்து உறவில் தம்பி முறையாகிற ஏஜென்ட் படிவத்தோடு பட்டறைக்கே வருகிறார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் விசாரணை நடக்கிறது.

“ஷுகர், பிரஷர் ஏதாவது இருக்காண்ணே?”

“லேசா இருக்குப்பா.”

“மாத்திரை போட்டுக் கன்ட்ரோல்லதானே வெச்சிருக்கீங்க? அப்ப ‘இல்லை’ன்னே போட்டுடறேன். இருக்குன்னு போட்டா அந்த டெஸ்ட்டு, இந்த டெஸ்ட்டுன்னு இழுப்பாங்க. பிரீமியமும் ஏத்திடுவாங்க.”

பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அண்ணன் கையெழுத்துப் போடுகிறார். கையில் கிரீஸ். இருபது லட்சத்துக்குப் பாலிசி. நாமினி மனைவி.

இரண்டு வருஷம் நாலு மாசத்தில், ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், “சர்க்கரை உண்டாம்மா? எத்தனை வருஷமா?” என்று கேட்கிறார். அந்த அம்மாள் மறைப்பாரா? புருஷன் உயிர் ஊசலாடுகிறது. “எட்டு வருஷமா இருக்குங்க” என்று சொல்லி, கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுகிறார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். மனிதர் பிழைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்குள் வருகிற மரணத்துக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் தனி மரியாதை உண்டு. ‘ஏர்லி க்ளெய்ம்’ என்று தனிக் கட்டாக எடுத்து வைத்து விசாரிப்பார்கள். விசாரணைக்கு ஒருவர் புறப்படுவார். அக்கம்பக்கத்தில் கேட்பார், மருந்துக் கடையில் கேட்பார், வேலை பார்த்த இடத்தில் மெடிக்கல் லீவு போட்ட கடுதாசிகளைத் தேடுவார். கடைசியில் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அந்த ஒரு வரி கிடைக்கும். ‘எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய்.’ எட்டிலிருந்து இரண்டைக் கழிக்க யாருக்கும் கால்குலேட்டர் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு சிக்கிக்கொள்கிறது. பொய் சொன்னது யார்? கணவர் பாதி, ஏஜென்ட் பாதி. உண்மை சொன்னது யார்? மனைவி. கடைசியில் அவருடைய உண்மையை வைத்துத்தான் கணவருடைய பொய்யைக் கண்டுபிடிக்கிறார்கள். தண்டனை மட்டும் உண்மை சொன்னவருக்கு. பொய் சொன்னவர்களில் ஒருவர் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விட்டார்.

சட்டம் இதில் இரண்டு தட்டு வைத்திருக்கிறது. ஒன்று மோசடி. ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு மறைத்தது. அது நிலைத்தால் இருபது லட்சமும் கிடையாது, கட்டிய பிரீமியமும் போச்சு. இன்னொன்று, மோசடி என்று சொல்ல முடியாத தப்பான தகவல் அல்லது சொல்லாமல் விட்ட தகவல். அதன் பேரில் மறுத்தால், அதுவரை கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். எதுவானாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். இதுவரை நியாயம். அடுத்து வருவதுதான் நெருடுகிறது. கம்பெனி மோசடி என்று சொல்லி, பாலிசிதாரர் உயிரோடு இல்லாவிட்டால், ‘அவருக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை’ என்று காட்டும் பொறுப்பு பணம் பெறவேண்டியவர் தலையில். செத்துப்போனவர் அன்றைக்குப் பட்டறையில் என்ன நினைத்துக் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு விதவை சாட்சி கொண்டுவர வேண்டும். உயிரோடிருந்த காலத்திலேயே அவர் மனசில் என்ன ஓடுகிறதென்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது. எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

ஆனால் கம்பெனியை வில்லனாக்கிவிட்டு எழுந்து போவது சுலபம். இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

இன்ஷூரன்ஸ் பணம் கம்பெனி முதலாளியின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. சீட்டுப் பணம் மாதிரிதான், எல்லாரும் போட்டது. ஒரு சின்னக் கணக்கு. நாற்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேர். வருஷத்துக்கு இரண்டு பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் வீட்டுக்குப் பத்து லட்சம். இருபது லட்சத்தை ஆயிரம் பேர் பங்கு போட்டால் தலைக்கு 2,000 ரூபாய். இப்போது அந்த ஆயிரத்தில் பத்துப் பேர் பெரிய நோயை மறைத்துச் சேர்ந்தவர்கள், அவர்களில் மூன்று பேர் இறக்கிறார்கள் என்றால்? மொத்தம் ஐந்து சாவு, ஐம்பது லட்சம், தலைக்கு 5,000. சொல்லாமல் சேர்ந்த பத்துப் பேருக்காக, தன் பிளட் பிரஷரை ஒளிக்காமல் எழுதிக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் இரண்டரை மடங்கு கட்டுகிறார். அவரும் வெறுத்துப்போய் விலகினால் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் ஏறும். ஆக, பட்டறைக்காரரின் ‘இல்லை’, முகம் தெரியாத கம்பெனியிடம் சொன்ன பொய் மட்டும் அல்ல. அவரைப் போலவே குடும்பத்துக்காகப் பயப்படும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் பையில் கை வைத்த பொய்.

அதனால்தான் இந்த வியாபாரத்தில் மட்டும் சட்டம் ஒரு விசேஷ நேர்மையைக் கேட்கிறது. சந்தையில் மாடு விற்பவன் மாட்டின் குறையைத் தானாக வந்து சொல்லவேண்டியதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பது வாங்குபவன் பாடு. இன்ஷூரன்ஸில் அப்படியில்லை, கேட்டதற்கு மறைக்காமல் சொல்லவேண்டும். ‘உச்சபட்ச நல்லெண்ணம்’ என்று இதற்குப் பெயர். 1766-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு எழுதிய ஒரு தீர்ப்பிலிருந்து இந்தக் கொள்கை கிளம்பியதாகச் சொல்வார்கள். வழக்கு சுவாரஸ்யமானது. சுமத்ரா தீவில் பென்கூலன் என்ற ஊரில் ஆங்கிலேயர் கோட்டை ஒன்று. ஐரோப்பிய எதிரி எவனாவது கோட்டையைப் பிடித்துவிட்டால் பணம் வரவேண்டும் என்று அதன் கவர்னர் லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும்விட்டார்கள். ‘கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார்’ என்று இன்ஷூரன்ஸ்காரர் வாதாடினார். மான்ஸ்ஃபீல்ட், மறைக்காமல் சொல்லும் கடமை இரு தரப்புக்கும் உண்டு என்று விரிவாக எழுதிவிட்டு, கடைசியில் கவர்னர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்தைக் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, நஷ்டம் வந்த பிறகு புகார் சொல்லக் கூடாது என்பது அவர் எண்ணம். இரண்டரை நூற்றாண்டாகப் பாலிசிதாரர்களுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் கொள்கை, பாலிசிதாரர் ஜெயித்த வழக்கில் பிறந்திருக்கிறது.

அடுத்து வந்த நூறு வருஷத்தில் கம்பெனிகள் கடமையின் ஒரு பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டன. முப்பது வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு ஒருவர் செத்தால், முதல் படிவத்தில் ஏதோ ஒரு சின்னத் தப்பைக் கண்டுபிடித்துப் பணம் மறுப்பது. ஜனங்கள் நம்பிக்கை இழந்தார்கள். வியாபாரம் படுத்தது. இதைச் சரிசெய்தது நீதிபோதனை அல்ல, போட்டி. 1848-ல் லண்டனில், ‘எங்கள் பாலிசியை நாங்களே கேள்வி கேட்கமாட்டோம்’ என்பதையே பெயரில் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி கிளம்பியது. 1864-ல் அமெரிக்காவில் மன்ஹாட்டன் லைஃப் என்ற கம்பெனி அதே வாக்குறுதியைப் பாலிசியிலேயே அச்சடித்தது. பின்னால் 1905-ல் நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் லீலைகளைப் பற்றிப் பெரிய விசாரணை நடந்து, அடுத்த வருஷமே இது சட்டமாகிவிட்டது. இன்றைக்கு அமெரிக்காவில் பொதுவாக இரண்டு வருஷம். கேள்வி கேட்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் இந்தக் காலத்துக்குப் பின்னால் இருப்பது கருணை இல்லை. ‘உனக்கும் ஒரு கெடு’ என்ற வியாபார ஒப்பந்தம்தான்.

அந்தக் கெடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு. ஹெச்.ஐ.வி. இருந்த ஒருவர் 1991-ல் பாலிசிக்கு விண்ணப்பித்தார். ரத்தப் பரிசோதனைக்குத் தனக்குப் பதிலாக இன்னொரு ஆளை அனுப்பினார். ஆள்மாறாட்டம்! நம்மூர் பரீட்சை ஹாலில் பிடிபட்டால் போலீஸே வரும். பாலிசி அந்த வருஷம் மே மாதம் வந்தது. 1993 மே மாதம், இரண்டு வருஷம் முடிந்து சில நாட்களில் இறந்துபோனார். அதற்குள் பாலிசியை ஒரு நிறுவனத்துக்கு விற்றும்விட்டார். சாகப்போகிறவர்களின் பாலிசியை விலைக்கு வாங்கும் வியாபாரம் அப்போது அங்கே நடந்தது. 1997-ல் மாநில உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பணத்தைக் கொடு என்றது. வந்த ஆளின் அடையாள அட்டையைக் கம்பெனி பார்த்திருக்கலாம், இரண்டு வருஷம் இருந்தது, பார்க்கவில்லை, பிரீமியத்தை மட்டும் வாங்கியது, கெடு முடிந்தது, அவ்வளவுதான். இந்தத் தீர்ப்பைப் படித்தால் நம் எல்லாருக்கும் உள்ளே ஒரு சின்னக் கோபம் வரும். பட்டறைக்காரர் மனைவிக்காகப் பரிதாபப்பட்ட அதே மனசுதான் இங்கே கோபப்படுகிறது. விதி ஒன்றே. விதவை நின்றால் நியாயமாகத் தெரிவது, முதலீட்டாளர் நின்றால் அநியாயமாகத் தெரிகிறது. விதிகளுக்கு முகம் பார்க்கத் தெரியாது என்பது அவற்றின் குறை. சில நாட்களில் அதுவே அவற்றின் நிறையும்.

உண்மைக்குக் கெடு வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. புரோநோட்டு எழுதிக் கடன் கொடுத்தவர்களைக் கேளுங்கள். மூன்று வருஷத்துக்குள் வட்டி வரவு வைத்தோ, கையெழுத்து வாங்கியோ புதுப்பிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. கடன் வாங்கியதே பொய்யாகிவிட்டதா? இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 25-வது பிரிவு அழகாக ஒன்று சொல்கிறது: காலாவதியான கடனைத் தருகிறேன் என்று ஒருவன் பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது செல்லும். அதாவது கடன் சாகவில்லை, கேட்கும் வாய் மட்டும் மூடிக்கொண்டது என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. கல்யாணத்திலும் அப்படித்தான். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் ரத்து கேட்கலாம். ஆனால் மோசடி தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் கேட்கவேண்டும். தெரிந்த பிறகும் மனசார சேர்ந்து வாழ்ந்துவிட்டால் அதோடு சரி. பாட்டிகள் சொன்ன கணக்கு இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். கல்யாணத்தில் மோசடி தெரிந்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். இன்ஷூரன்ஸில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாலிசி நாளிலிருந்தே ஓடுகிறது. ஏன் இந்தக் கடுமை? காரணம் மரணம்தான். மற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறி, ‘ஐயா, நடந்தது இதுதான்’ என்று சொல்ல முடியும். இதில் பதில் சொல்லவேண்டியவர் படமாகச் சுவரில் தொங்குகிறார். முப்பது வருஷம் கழித்து ஒரு படிவத்தை எடுத்து, செத்தவரின் நேர்மையை விசாரிப்பதில் ஏதோ ஒரு அநாகரிகம் இருக்கிறது. அப்படியானால் மூன்று வருஷம் மட்டும் எப்படி நாகரிகம் என்று கேட்கலாம். கேட்கலாம்தான். எங்கேயாவது கோடு கிழித்தாக வேண்டும். எங்கே கிழித்தாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அழுகைதான்.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். ஒரே பொய்யை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். 1,094-வது நாள் இறந்தவர் மோசக்காரர். 1,096-வது நாள் இறந்தவர் தீர்க்கதரிசி, குடும்பத்துக்கு வழி செய்துவிட்டுப் போன மகராசன். இறக்காதவரைப் பற்றி யாருக்கும் அக்கறையே இல்லை. ஏனென்றால் கம்பெனி அந்த மூன்று வருஷத்தில் உயிரோடு இருப்பவர்களின் படிவங்களைச் சரிபார்ப்பதில்லை. செத்தவர் படிவத்தைத்தான் பார்க்கிறது. கடையில் சாமான் விற்கும்போது எடை போடாமல், ரிப்பேருக்கு வந்தால் மட்டும் எடை போடுவது போல. ஆக, ஒரே பொய்யில் எது பிடிபடும் எது பிடிபடாது என்பதைத் தீர்மானிப்பது ஒழுக்கம் அல்ல, நாள்காட்டி. மரணம் யாருடைய நாள்காட்டியையும் பார்ப்பதில்லை. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்ட ஆரம்பித்தவர் ஒரு ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். கட்டடம் 1959-ல் திறந்தபோது அவர் இல்லை. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் போய்விட்டார். அவர் கம்பெனியும் அதற்குள் தேசியமயமாகி எல்.ஐ.சி.யோடு கலந்துவிட்டது.

எது ‘முக்கியமான’ உண்மை என்பதிலும் நீதிமன்றங்கள் தடுமாறித்தான் நடந்திருக்கின்றன. 2015-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், இறந்தவர் முதுகெலும்புத் தேய்மானத்துக்கு லீவு போட்டுச் சிகிச்சை எடுத்ததைச் சொல்லவில்லை. செத்தது மாரடைப்பில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, பணத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். 2019-ல் இன்னொரு வழக்கு. அதில் நோயே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு கம்பெனியில் எடுத்திருந்த பாலிசியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கம்பெனி மறுத்தது சரி என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு ஆள் திடீரென்று தன் உயிருக்கு எத்தனை லட்சம் விலை வைக்கிறான் என்பதும் முக்கியமான தகவல்தானே என்பது வாதம். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்பது சாக்காகாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பென்சில் பெருக்கல் குறிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். வெறும் மௌனம் மோசடி ஆகாது, பேசவேண்டிய கடமை இருக்கும் இடத்தில் மௌனமாக இருந்தால் மட்டுமே ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். குருக்ஷேத்திரத்தில் தர்மபுத்திரர் அசுவத்தாமன் இறந்ததை உரக்கச் சொல்லிவிட்டு, அது யானை என்பதை மட்டும் மெல்லச் சொன்னார் அல்லவா, அதுவரை தரையில் படாமல் நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்கு மண்ணில் இறங்கியது என்பார்கள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பேசவேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தினார். படிவம் நிரப்புகிற நாம் எல்லாரும் அந்தக் குரலில்தான் பேசுகிறோம். “லேசா இருக்குப்பா.”

சரி, அந்த அம்மாளுக்கு வழியே இல்லையா? உண்டு. மோசடி என்று சொல்லாமல் தப்புத் தகவல் என்று மறுத்தால், ‘இது தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம்’ என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் பாலிசி கொடுப்பது அன்றாடம் நடப்பதுதான். அந்த வாதத்தோடு இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் ஆபீஸ் இருக்கிறது. கம்பெனி கடைசியாக மறுத்த ஒரு வருஷத்துக்குள் எழுதவேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. ஐம்பது லட்சம் வரை அவர் உத்தரவு போடலாம். இதையெல்லாம் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டில், கண்ணீர் காயாமல் உட்கார்ந்திருப்பவருக்கு யார் எடுத்துச் சொல்வது என்பது வேறு விஷயம்.

கெடு தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரீமியம் கட்ட மறந்து பாலிசி லேப்ஸாகி, அபராதம் கட்டிப் புதுப்பித்தால், அப்போது உடல்நலம் பற்றி மறுபடி எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். மூன்று வருஷக் கடிகாரமும் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். பத்து வருஷத்துப் பாலிசிக்காரர் இப்படி ஒரே கையெழுத்தில் புது மாப்பிள்ளை ஆகிவிடுகிறார்.

ஆம்பட்ஸ்மனை விட்டுவிட்டு, உயிரோடு இருந்த காலத்துப் பட்டறைக்காரரிடம் திரும்பிப் போகவேண்டும். தர்ம நியாயக் கேள்வி உண்மையில் அவருடையதுதான். பாலிசி வந்த பிறகு ஒரு நாள் படிவத்தின் நகலைப் பார்க்கிறார். ‘நீரிழிவு: இல்லை.’ இப்போது இரண்டு வழி. கம்பெனிக்கு எழுதித் திருத்தலாம். பிரீமியம் ஏறலாம், ரத்துகூட ஆகலாம். அல்லது, “மூணு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே” என்று ஏஜென்ட் தம்பி சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்கலாம். இரண்டாவது வழி ஒரு பந்தயம். மூன்று வருஷம் நான் சாகமாட்டேன் என்று கட்டுகிற பந்தயம். ஜெயித்தாலும் தோற்றாலும் இவர் பார்க்கப்போவதில்லை. தோற்றால் பணம் கட்டுபவர் மனைவி. அவரிடம் பந்தயத்தைப் பற்றிச் சொல்லக்கூட இல்லை. சட்டம் மூன்று வருஷத்துக்குப் பிறகு கம்பெனியின் வாயைக் கட்டலாம், நான் அதற்குக் கை தூக்குவேன். கலிஃபோர்னியா முதலீட்டாளருக்குப் பணம் போனால் போகட்டும், ஆயிரம் விதவைகள் ரெக்கார்டு ரூம் வாசலில் நிற்காமல் இருந்தால் சரி. ஆனால் அந்த மூன்று வருஷமும் இன்னொருத்தியின் சோற்றை வைத்து ஆடியதை அந்தச் சட்டம் மன்னிக்கவில்லை. கேட்காமல் விடுகிறது. மன்னிப்பது வேறு ஆளுடைய வேலை.

பாலிசியோடு நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் வரவேண்டும் என்பது விதி. படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முன்பு 15 நாள் இருந்தது, 2024-ல் அதை 30 நாள் ஆக்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கவர் வந்த அன்றே பீரோவுக்குப் போய்விடுகிறது. பட்டுப்புடவைக்கு அடியில், நகைக்கடை ரசீதுகளோடு. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்து, இரண்டாவது மூன்றாவது பக்கத்தில் ஆமா, இல்லை என்று கட்டம் போட்டிருக்கும் பகுதியை, நாமினி யாரோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். ஷுகர் கட்டம் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.